தண்ணீரில் விழுந்த பாட்டு

உம்மா பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். இனி பாட்டு முடியும்வரை அந்த மூடி அவள் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருக்கும், பாட்டில் மணலில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், மேடையிலிருந்து வருகிற அரபெல்லாம் அதற்குள் போய் விழும், விழுந்ததை நான் குடிக்க வேண்டும், குடித்தால் தொண்டை சரியாகிவிடும். இது ரஹ்மத் மாமியின் ஏற்பாடு. எங்கள் தெருவில் எந்த ஏற்பாடும் எதிர்வீட்டு ரஹ்மத் மாமியின் வாசலில்தான் முளைக்கும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தவன், காரைக்கால் கடற்கரையில் இசைவிழா, சனிக்கிழமை சாயங்காலம் அரபு இசை, அனைவரும் வருக என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டான். மாமிக்கு அதில் அரபு என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. மாமிக்கு அரபு என்றால் குர்ஆன் ஓதுவது, ஓதுகிற இடத்தில் திறந்துவைத்த தண்ணீர் மருந்து. அந்தப் பாஷையில் தக்காளி வாங்குகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, அவள் மூத்த மகன் சவூதியில்தான் லாரி ஓட்டுகிறான், ஆனாலும் அது வேறு, காதில் விழுந்தால் கை தானாக முக்காட்டுக்குப் போய்விடும். மாமியை மட்டும் சொல்வானேன். நானும் மதரஸாவில் முழங்கால் தேய உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தவன்தான், கடகடவென்று ஓதுவேன், ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டால் தலையைச் சொறிவேன். வெளிநாட்டிலேர்ந்து ஓத வர்றாஹளாம், ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக்குங்க என்று மாமி வீடு வீடாகச் சொல்லிவிட்டாள். ஆகவே எங்கள் தெருப் பெண்கள் மொத்தப் பேரும் மணலில் பாய் விரித்து, முக்காடு போட்டு, முன்னால் வரிசையாகத் தண்ணீரைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுண்டல் விற்கிறவர் நின்று பார்த்துவிட்டு, பாட்டில் என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் தொண்டையில் நோவு ஒன்றும் கிடையாது. இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டும், வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். கழுத்தில் உம்மாவின் பழைய கம்பளித் துணி சுற்றியிருக்கிறது, உள்ளே அரிக்கிறது, மிளகும் திப்பிலியும் தேனில் குழைத்த வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. நடந்தது என்னவென்றால், நோன்புப் பெருநாள் கழிந்த ஒரு காலையில் மாடிப்படியில் நின்றுகொண்டு ரஹ்மத் மாமியின் குரலை எடுத்து என் அக்கா ஜெசிமா லாத்தாவைக் கூப்பிட்டேன். லாத்தா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். ஏம்புள்ள ஜெசிமா, ஒன்னைப் பொண்ணு பாக்க வந்து வாசல்ல நிக்கிறாஹ, நீ இன்னும் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறியா என்று மாமியின் மூக்கோடு, மாமியின் வெற்றிலையோடு, மாமியின் மூச்சிரைப்போடு ஆரம்பித்தேன். நிக்கிறாஹ வரைக்கும் மாமிதான். அதற்கப்புறம் மாமி விழுந்துவிட்டாள். கயிறு அறுந்து வாளி கிணற்றுக்குள் போகிற மாதிரி குரல் திடீரென்று கீழே போய் எங்கேயோ மோதி நின்றது, நின்ற இடத்தில் ஒரு கட்டைக் குரல், யாருடையதோ. லாத்தா துண்டை வைத்துக்கொண்டு திரும்பினாள். நான் இருமினேன். இருமினது நல்ல யோசனை, அன்றையிலிருந்து இருமிக்கொண்டேயிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் வகுப்பு தனபால் சார், ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் தொண்டையைச் செருமுகிறவர், செருமல் வந்தது, சார் வரவில்லை. காலையில் கூடையோடு வருகிற மீன்காரம்மா, வஞ்சிரம் என்பதில் வஞ் வரைக்கும் வந்து ஓடிவிட்டாள். நாகூர் பஸ் கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், போனில் பேசும்போது மட்டும் உம்மாவுக்கு வருகிற தேன் தடவின உம்மா, எல்லாரும் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவரின் குரலை மட்டும் நான் ஒருநாளும் எடுத்ததில்லை, அதற்குப் பயம். மற்றபடி தெருவில் என்னிடம் இல்லாத குரல் கிடையாது. கிடையாது என்பதா, இருந்ததில்லை என்பதா. எப்படியோ, காலி.

பக்கத்தில் லூர்து உட்கார்ந்து பஜ்ஜி தின்கிறான். லூர்துநாதன் என் வகுப்புத் தோழன், தன்னை என் மேனேஜர் என்று சொல்லிக்கொள்கிறவன், பள்ளிக்கூடத்தில் யார் குரல் வேண்டுமோ அவனிடம்தான் கேட்க வேண்டும், அவன் என் தோளைத் தட்டினால் நான் பேசுவேன், ரேடியோவுக்கு ஸ்விட்ச் மாதிரி. என் பட்டப்பெயரே ரேடியோதான். மேடையில் அறிவிப்பாளர், வெள்ளைச் சட்டை போட்டவர், சொல்கிற ஒவ்வொன்றையும் இழுத்து, கடைசியில் மூக்கால் ஒரு முடிச்சுப் போடுகிறார், அன்பார்ந்த காரைக்கால் பெருமக்களேஏஏங், என்று. என்ன ஒரு மூக்கு. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்நேரம் அவரை எடுத்து லூர்துவின் காதில் ஊதியிருப்பேன், அவன் பஜ்ஜியைத் துப்பியிருப்பான். அவன் என் தோளைத் தட்டினான். ஒண்ணே ஒண்ணுடா, அந்த ஏங் மட்டும் என்கிறான். நான் கம்பளித் துணியைத் தொட்டுக் காண்பித்தேன். செத்த ரேடியோடா நீ, பழைய இரும்புக்குக்கூடப் போகாது என்று சொல்லிவிட்டுப் பாதி பஜ்ஜியை என் கையில் வைத்தான், மிளகாய் உள்ள பாதி. நல்லவன். தெரிந்தால் என்ன செய்வான். ஒன்றும் செய்யமாட்டான், கொஞ்ச நாளைக்குத் தோளைத் தட்டிப் பார்ப்பான், அப்புறம் தட்டுவதை விட்டுவிடுவான், யாரும் கோபப்படமாட்டார்கள், மெதுவாக மறந்துவிடுவார்கள். குரல் போனவன் அப்புறம் யார். ரேடியோவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆட்கள் இருக்கமாட்டார்கள் என்று சின்ன வயதில் லாத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டைக் குரல் யாருடையது என்றும் எனக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறேன். அது வாப்பாவின் குரல். அடுத்த நாளே தெரிந்துவிட்டது. உம்மா அடுப்படியில் எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள், நான் பின்னால் நின்று உம்மா என்று கூப்பிட நினைத்து வாயைத் திறந்தேன், உம் என்பது மட்டும்தான் வந்தது, கீழேயிருந்து, கனமாக, ஒரு உறுமல் மாதிரி. வாப்பா சாப்பாடு கேட்டால் அப்படித்தான், உம் என்பார். வாப்பா பிரான்சில், பாரிஸ் பக்கத்தில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார், போனில் முகம் காட்டுவார், வெள்ளிக்கிழமைதோறும் பேசுவார், போன வருஷம் வருவதாக இருந்து வரவில்லை, இந்த வருஷம் வருவதாக இருக்கிறார். உம்மா கரண்டியைக் கீழே வைத்து, சேலையை இழுத்துச் சரி செய்துகொண்டு, திரும்பினாள். அந்தத் திரும்பல். கண்ணை மூடினாலும் அந்தத் திரும்பல் வருகிறது. முகத்தில் ஒரு வெளிச்சம் பாதி வந்து, என்னைப் பார்த்ததும் பாதியிலேயே நின்று, அப்புறம் என் தொண்டையில் கையை வைத்து, என்னடா இப்படிக் கட்டிக்கிச்சு என்று கேட்டாள். ஊரில் இருக்கிற எல்லாருடைய முகத்தையும் குரலையும் எடுத்து விளையாடியிருக்கிறேன், அந்தப் பாதி வெளிச்சத்தை மட்டும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருத்தர் குரலை வேண்டுமென்று இல்லாமல் செய்துவிட்டேன். அன்றையிலிருந்து வீட்டில் தலையாட்டுகிறேன், கையாட்டுகிறேன், சாதம் போதும் என்பதற்கு உள்ளங்கை, குழம்பு வேண்டும் என்பதற்கு விரல்.

மேடையில் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒரு ஆள், மெலிந்து நீளமாக, மேசை மேல் பொத்தான்களும் விளக்குகளும் உள்ள ஒரு பெட்டியைத் தட்டித் தடவிக்கொண்டு நிற்கிறார், அது இசைக்கருவியா கணக்குப் பார்க்கிற எந்திரமா தெரியவில்லை, பக்கத்தில் பானை மாதிரி ஒரு மேளம். இன்னொருத்தி பெண், கட்டைக் கூந்தல், வெள்ளி மாதிரி மின்னுகிற மேல்சட்டை, காலில் செருப்பில்லை. எங்கே தொப்பி, எங்கே தாடி, எங்கே தப்ஸ் கொட்டு என்று மாமி கண்ணால் தேடுகிறாள், எனக்குத் தெரிகிறது. துனீசியாவிலிருந்து வருகை தந்திருக்கும் என்று அறிவிப்பாளர் மூக்கால் முடிச்சுப் போட்டுவிட்டு இறங்கினார். அந்தப் பெண் ஒலிவாங்கியை வாயருகே வைத்து ஸலாம் சொன்னாள். எங்கள் தெரு மொத்தமும் பதில் ஸலாம் சொன்னது, முழுசாக, கடைசிச் சொல் வரைக்கும், இழுத்து, ஒன்றாக. அவள் திடுக்கிட்டுப் போய் எங்கள் பக்கம் பார்த்தாள், நெற்றிமேல் கை வைத்து விளக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு. மாமி உம்மாவைப் பார்த்தாள், பார்த்தியா, நான் சொல்லல என்கிற பார்வை. பிறகு அந்த ஆள் பெட்டியில் எதையோ அமுக்கினார்.

தும். அது காதில் விழவில்லை, உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது. மணல் வழியாக வந்து முதுகுத்தண்டில் ஏறியது. தும், தும், தும் என்று ஒரே சீராக, ஊரிலேயே பெரிய உரலில் யாரோ மாவிடிக்கிற மாதிரி. பாட்டிலில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. எங்கள் வரிசையில் இருந்த எல்லாப் பாட்டிலிலும் ஒரே நேரத்தில் வட்டம். மாமி தன் பாட்டிலைக் கையால் பிடித்துக்கொண்டாள், அது எழுந்து ஓடிவிடும் என்கிற மாதிரி. கூட்டத்தின் முன்வரிசையில் கல்லூரிப் பையன்கள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். உம்மா மூடியை எடுத்தாள், மூடலாமா வேண்டாமா என்று பாட்டிலுக்கு மேலே பிடித்தாள், அதற்குள் அந்தப் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள், அரபில், சத்தியமாக அரபில், ஐன் எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வந்தது, காஃப் எழுத்து நாக்கின் அடிவேரிலிருந்து, எங்கள் மதரஸா ஹஜ்ரத் பிரம்பைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் எனக்கு வராத காஃப். உம்மாவின் கை மூடியோடு தானாக முக்காட்டுக்குப் போயிற்று. என் தலையில் தொப்பி இல்லையே என்று என் கையும் தலைக்குப் போயிற்று. லூர்து இதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டு நேராக உட்கார்ந்தான். முன்னால் ஆட்டம், பின்னால் முக்காடு, நடுவில் தும் தும். ஜெசிமா லாத்தாவின் தோள் குலுங்குகிறது, சிரிப்பை அடக்குகிறாள், அழுகிறவள் மாதிரி முகத்தை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பயபக்தியில் அழுகிறாள் என்று நினைத்து மாமி அவள் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள்.

இது ஓதுவது இல்லை என்று மாமிக்கு எப்போது தெரியும், தெரிந்தால் எழுந்துவிடுவாளா, மாமி எழுந்தால் தெரு எழுந்துவிடும், உம்மாவும் எழ வேண்டும், பாட்டில் பாதியில் போய்விடும். எனக்கு ஏன் பாட்டிலைப் பற்றிக் கவலை, நான்தான் நம்பவில்லையே, எனக்கு நோவே இல்லையே. இருந்தாலும் கண் அங்கேயே போகிறது. அவள் பாட்டுக்குள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. கல்பி, கல்பி என்றாள். மாமி விரலை நீட்டினாள். கல்புங்கிறா பாரு, கல்பைப் பத்தித்தான் சொல்றா என்று உம்மாவிடம் சொன்னாள். கல்பு எங்களுக்கும் கல்புதான், மனசு என்று நாங்கள் சொல்வதைவிட கல்பு என்றுதான் அதிகம் சொல்வோம், கல்பு இரங்கணும், கல்புல ஒண்ணும் வச்சுக்காத. அப்புறம் கமர் என்றாள், நிலா. அப்புறம் லைல் என்றாள், ராத்திரி. அடடே, இது எனக்குப் புரிகிறதே. மனசு, நிலா, ராத்திரி. இவ்வளவு வருஷம் அர்த்தம் தெரியாமல் ஓதின சொற்கள் வெளியே சட்டை போட்டுக்கொண்டு நடந்து வருகின்றன, பள்ளிவாசலில் மட்டும் பார்த்த ஆட்களைக் கடைத்தெருவில் பார்த்த மாதிரி, நீங்களா, இங்கேயா, என்ன வாங்க வந்தீர்கள். மனசு, நிலா, ராத்திரி என்று ஒரு பெண் பாடினால் அது எதைப் பற்றி என்று எட்டாவது படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும், நான் பத்தாவது. மாமியும் புரிந்துகொண்டிருப்பாள், ஐந்து பிள்ளை பெற்றவள். ஆனால் மாமி எழவில்லை. அவள் பெருவிரல், பாய் ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால் பெருவிரல், தும் தும்முக்கு ஆடுகிறது. மாமிக்குத் தெரியாமல் ஆடுகிறது. பார்த்துவிட்டேன், இதை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம், மாமியின் பெருவிரல் மாதிரி ஆடிக் காட்டலாம், அதற்குக் குரல்கூட வேண்டாம்.

ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் கடல் கேட்டது. இவ்வளவு நேரம் அதுவும் அங்கேதான் இருந்திருக்கிறது, தன் முறைக்குக் காத்துக்கொண்டு. மேடையில் அந்த ஆள் கம்பியை எதிலோ பிடுங்கி எதிலோ சொருகினார். உம்மா என் பக்கம் திரும்பாமல், பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகப் பேசினாள், லாத்தாவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"தொண்டை சரியானதும் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்துருடா. வீடு வெறிச்சுன்னு கெடக்கு."

எல்லாரையும். உம்மா என்னைப் பேசச் சொல்லவில்லை, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். தனபால் சாரை, மீன்காரம்மாவை, கண்டக்டரை. நான் அவர்களைச் செய்யும்போதெல்லாம் உம்மா திட்டித்தான் இருக்கிறாள், பெரியவஹளைக் கேலி பண்ணாதே, வாய் கோணிக்கும் என்று, அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு திட்டுவாள், முதுகு குலுங்கும். மூன்று பேர் இருக்கிற வீட்டில் முப்பது பேர் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து அவள் சமைத்திருக்கிறாள் போல. அவர்கள் ஒருநாள் காலையில் சொல்லிக்கொள்ளாமல் மொத்தமாகக் கிளம்பிப் போய்விட்டார்கள். உம்மா எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். சொல்லிவிடலாம், உம்மா இது நோவு இல்லை, வயசு, அவர்கள் திரும்பி வரமாட்டார்கள், வந்தால் வாப்பா மட்டும்தான் வருவார், அதுவும் பாதி. சொல்ல வாயைத் திறந்தேன். தும் என்றது மேடை. நல்லவேளை.

இந்தப் பாட்டுக்குள் அவள் வேறு ஏதோ செய்கிறாள். கீழேயிருந்து ஆரம்பிக்கிறாள், ஆம்பிளைக் குரல் மாதிரி, கட்டையாக, மண்ணில் உரசிக்கொண்டு, அப்படியே மேலே ஏற்றுகிறாள், ஏற்றி ஏற்றி ஒரு இடம் வருகிறது, அந்த இடத்தில் குரல் உடைகிறது. எனக்குத் தெரியும் அந்த இடம். மாடிப்படியில் மாமி விழுந்த இடம். எல்லாப் பாட்டுக்காரர்களும் அந்த இடத்தை நைசாகத் தாண்டுவார்கள், பட்டுத்துணி போட்டு மூடி, இங்கே ஒன்றும் இல்லை என்கிற மாதிரி. இவள் மூடவில்லை. உடைகிறது, டக்கென்று, கேட்கிற மாதிரி உடைகிறது, உடைந்து மெல்லிசாக மேலே போகிறது, போய்விட்டு மறுபடியும் கீழே வந்து, அதே இடத்துக்கு வந்து, மறுபடியும் உடைக்கிறாள். வேண்டுமென்று. அந்தப் பெட்டிக்காரர் அவள் உடைக்கிற ஒவ்வொரு தடவையும் சரியாக அங்கே ஒரு தும் வைக்கிறார். முன்னால் பையன்கள் அந்த உடைசலுக்குக் குதிக்கிறார்கள். இதற்கா. இதற்காகவா குதிக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டா நான் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படிச் செய்கிறாள் என்று என் தொண்டை தானாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டது, அது அப்படித்தான், யார் பேசினாலும் உள்ளே ஒரு சின்ன எலி எழுந்து உட்கார்ந்து காது கொடுக்கும், நாக்கு எங்கே போகிறது, மூச்சு எங்கே நிற்கிறது, இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த எலி. கழுத்துத் துணிக்குள் குரல்வளை ஏறி இறங்குகிறது. சத்தம் இல்லாமல் கூடவே போகிறேன். கீழே, கீழே, மேலே, அந்த இடம், டக். சத்தமில்லாத டக்.

அப்போதுதான் அவள் குலவை இட்டாள். பாட்டு உச்சத்துக்குப் போய், தும் எல்லாம் நின்று, பானை மேளம் மட்டும் படபடவென்று துடிக்க, அவள் தலையைப் பின்னால் சாய்த்து, நாக்கைச் சுழற்றி, குலவையேதான், எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை வாசலில் காலெடுத்து வைக்கும்போது பெண்கள் இடுகிற அதே குலவை, கொஞ்சம் கூர்மையாக, கொஞ்சம் நீளமாக. இட்டுவிட்டு ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள், நீங்கள் சொல்லுங்கள் என்று. முன்னால் பையன்கள் விசில் அடித்தார்கள். அவள் தலையாட்டி இல்லை என்றாள், மறுபடி இட்டுக் காட்டினாள், மறுபடி நீட்டினாள். விசில். அது இல்லை, இது என்று விரலால் வாயைக் காட்டினாள். பாவமாக இருந்தது, கடல் தாண்டி வந்து ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு அது கிடைக்காமல் நிற்கிறாள். அந்தச் சத்தம் என் பின்னாலிருந்து வந்தது. ரஹ்மத் மாமி. உட்கார்ந்த இடத்திலேயே, முக்காடு நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை வாயோரம் வைத்து, நாக்கை எடுத்து வீசினாள் பாருங்கள், மேடை அப்படியே திரும்பியது. குலவையைக் கேட்டுவிட்டுப் பதில் குலவை இடாமல் இருக்க மாமியால் முடியாது, ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாத மாதிரி. மாமி இட்டால் தெரு இடும். முக்காடு முக்காடாக எங்கள் தெரு குலவை இட்டது. உம்மாவும் இட்டாள், மூடியைப் பிடித்த கையை வாயோரம் வைத்து. அந்தப் பெண் ஒலிவாங்கியை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள், பெட்டிக்காரரைப் பார்த்து ஏதோ சொன்னாள், மேடை விளிம்பில் வந்து குந்தி உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து ஒன்று இட்டாள், இங்கிருந்து தெரு ஒன்று, அங்கிருந்து ஒன்று, இங்கிருந்து ஒன்று. முன்னால் ஆடியவர்கள் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குலவை எனக்கு நடக்க ஆரம்பித்தபோதே வந்தது என்பார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் கூட்டத்துக்குள் நின்றுகொண்டு நான் இட்டால் யார் இட்டது என்று பெரியவர்களே தேடுவார்கள். ஆம்பிளைப் பிள்ளை இடக்கூடாது என்று ஒருத்தரும் சொன்னதில்லை, குரல் அப்படி இருந்தது. இனி சொல்வார்கள். அந்த எலி துள்ளுகிறது. நாக்கு வாய்க்குள் தானாகச் சுழல்கிறது. வேண்டாம், வாயைத் திறந்தால் வாளி விழும், விழுந்தால் வாப்பா வருவார், வந்தால் உம்மா திரும்புவாள், அந்தப் பாதி வெளிச்சம், இத்தனை பேர் நடுவில், வேண்டாம், வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேடையில் அவள் மறுபடியும் கீழேயிருந்து ஏற ஆரம்பித்தாள், உடைகிற இடத்தை நோக்கி, என் தொண்டையும் கூடவே ஏறிவிட்டது, நான் கழுத்துத் துணியை இழுத்து எறிந்துவிட்டேன் போலிருக்கிறது, காற்று பட்டது, உப்புக் காற்று. வாயைத் திறந்தேன். கீழேயிருந்து வந்தது, கட்டையாக, ஏறி, அந்த இடத்தில் டக்கென்று உடைந்தது, உடைந்ததை நான் மூடவில்லை, உடைந்தபடியே மேலே போய் இரண்டாகப் பிரிந்து, ஒன்று உறுமலும் ஒன்று குலவையுமாக, இரண்டு பேர் ஒரே வாயிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சத்தம், நீளமாக, நானே எதிர்பார்க்காத நீளத்துக்கு.

லூர்துவின் வாயில் பஜ்ஜி நின்றது. ஜெசிமா லாத்தா விருட்டென்று திரும்பினாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு, பால் குடி மறந்த நாளிலிருந்து உண்டு, நான் ஒரு குரல் செய்தால் அவள் ஆளைச் சொல்ல வேண்டும், இதுவரை அவள் தோற்றதில்லை, இரண்டு சொல் கேட்டால் போதும், ஆளையும் அவர் நிற்கிற இடத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். இப்போது அவள் கண் என் வாயிலேயே இருக்கிறது. மீன்காரம்மா என்றாள். தலையாட்டினேன், இல்லை. மேடையில நிக்கிறவள். இல்லை. வாப்பா என்றாள், சந்தேகமாக, சொல்லிவிட்டு அவளே இல்லை இல்லை என்றாள். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வருகிறது. உம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது, இருந்தாலும் பார்த்தேன். உம்மா திரும்பியிருந்தாள். சேலையைச் சரி செய்யவில்லை. யாரையும் எதிர்பார்த்துத் திரும்பின முகம் இல்லை, என்னைப் பார்க்கத் திரும்பின முகம், விளக்கு வெளிச்சம் அதில் முழுசாக விழுந்திருந்தது. மணலில் கிடந்த கம்பளித் துணியை எடுத்து உதறினாள், என் கழுத்தில் சுற்றாமல் மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"புதுசா யாரோ வந்திருக்காஹ போல," என்றாள். "வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வா."

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்கிறவரைக்கும் அவள் காத்திருந்தாள், அப்புறம்தான் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். மாமியும் தன் பாட்டிலை மூடிக்கொண்டிருக்கிறாள், இறுக்கமாக, ஒரு சொட்டும் சிந்தாமல். அது ஓதினது இல்லை மாமி என்று யாரும் சொல்லவில்லை, மாமியும் யாரையும் கேட்கவில்லை, மருமகளுக்கு இடுப்பு வலி, நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் பொதுவாகச் சொல்லிக்கொண்டாள். நான் குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, பிளாஸ்டிக் வாசனை, அடியில் கொஞ்சம் மணல், பல்லில் நறநறத்தது. தும் தும் தொண்டைக்குள் இறங்கிற்று, மனசு, நிலா, ராத்திரி இறங்கிற்று, மாமியின் குலவை இறங்கிற்று. துடைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று மெதுவாக முயன்றேன், வரவில்லை, ஏதோ கதவு கிரீச்சிட்ட மாதிரி ஒன்று வந்து நின்றது, லூர்து விழுந்து விழுந்து சிரித்தான், எனக்கும் சிரிப்பு. அவன் என் தோளைத் தட்டினான், ஸ்விட்ச் போடுகிற மாதிரி. மறுபடியும் கிரீச். பரவாயில்லை, ஆள் புதுசு, வீடு பழகணும்.

லாத்தா இன்னும் யோசிக்கிறாள். செருப்பைத் தேடிக்கொண்டே யோசிக்கிறாள், பாயைச் சுருட்டிக்கொண்டே ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்க்கிறாள், தெருவில் எங்கள் வீட்டுத் திருப்பத்தில் நின்று கடைசியில் இடுப்பில் கை வைத்துவிட்டாள்.

"தோத்துட்டேன்டா. யாரு அது?"

தோற்றுவிட்டாள். ஜெசிமா லாத்தா தோற்றுவிட்டாள். இந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பேன். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்ல என்பதில் குரல் கட்டையாக இறங்கி, மாட்டேன் என்பதில் உடைந்து மேலே போயிற்று.